கடைச் சோளன் விதை, சோயாமீற், ரெட் லேடி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பங்களாதேஷ் விவசாயிகள் நடுகிற, புழு துளைக்காதபடி மரபணு மாற்றிய பீ.ரி. கத்தரி பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களிலும் வட்ஸ்அப் செய்திகளிலும் பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டியவர்களுக்கு நன்றி, கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். மரபணு மாற்றம் செய்யப்பட்ட பயிர் என்று ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுதினால் பக்கம் போதாது, ஜீ.எம். என்றே எழுதிவிடுகிறேன்.

ஐயா, நாங்கள் மழையை நம்பிச் சோளன் செய்கிற ஆக்கள். கடையில் வாங்கின விதையில் விளைந்ததை எடுத்து வைத்து மறுகா அடுத்த போகத்துக்குப் போட்டால் ஒன்று உயரம், ஒன்று குட்டை, பொத்தியும் சரியில்லை. மரபணுவை மாற்றி முளைக்காமல் செய்த விதையைத்தானே எங்கள் தலையில் கட்டுகிறார்கள்? அரசாங்கம் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறது?
– ஒரு விவசாயி, வெல்லாவெளி

முளைக்காத விதை இல்லை அண்ணே, முளைத்தபடியால்தானே உயரமும் குட்டையுமாக வந்தது. நீங்கள் வாங்குவது கலப்பின விதை. விதை உற்பத்தி செய்கிற தோட்டத்தில் இரண்டு வேறு வேறு தூய வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, ஒன்றின் ஆண்பூவை அது விரிய முன்னரே கிள்ளி எறிந்துவிடுவார்கள். அப்போது அதன் பொத்தியில் மற்றதன் மகரந்தம்தான் விழும், அந்தப் பொத்தியின் மணிதான் பைக்கற்றில் உங்கள் கைக்கு வருகிறது. முதல் தலைமுறை எல்லாம் ஒரே உயரம், நல்ல வீரியம். அதன் பிள்ளைகளில் பாட்டன் பூட்டன் குணமெல்லாம் பிரிந்து பிரிந்து வெளியே வரும், நீங்கள் பார்த்தது அதைத்தான். அமெரிக்காவில் 1930களிலேயே சோளன்காரர் இப்படி வருடா வருடம் விதை வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு உயிரின் மரபணுவை வெட்டி இன்னொன்றில் ஒட்டுகிற வித்தை வந்தது 1970களில்.

முளைக்காத விதை என்ற கதைக்கும் ஒரு மூலம் உண்டு, இல்லாமல் இல்லை. 1998இல் அமெரிக்க விவசாயத் திணைக்களமும் ஒரு பருத்தி விதைக் கம்பனியும் சேர்ந்து, அறுவடை செய்த விதை மறுபடி முளைக்காதபடி செய்கிற ஒரு முறைக்குக் காப்புரிமை எடுத்தன. உலகம் முழுக்க விவசாயிகள் கொதித்தார்கள். அதை விற்பனைக்குக் கொண்டுவர மாட்டோம் என்று மொன்சான்ரோ என்ற பெரிய விதைக் கம்பனி 1999இல் சொன்னது, 2000இல் உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கை நாடுகள் கூடி, வயலில் பரீட்சித்துப் பார்ப்பதற்குக்கூட அனுமதி கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தன. அந்த விதை எந்த நாட்டுக் கடைக்கும் வரவில்லை. வட்ஸ்அப்பில் மட்டும் வருடா வருடம் முளைக்கிறது.

சோளன் உட்பட எந்த ஜீ.எம். பயிரையும் வியாபாரமாகச் செய்ய இலங்கையில் இதுவரை அனுமதி கொடுக்கப்படவில்லை. ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, விலாசம்தான் பிழை. நாங்கள் போடுகிற சோளன் விதையில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது, டொலர் ஏறினால் விதையும் ஏறும், 2022இல் இதை எல்லோரும் அனுபவித்தோம். மகா இலுப்பள்ளமவில் நமது விவசாயத் திணைக்களமே கலப்பினச் சோளன் உருவாக்கி வைத்திருக்கிறது. அந்த விதையை ஏன் வேண்டிய அளவு பெருக்கித் தரவில்லை என்று அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள். ஜீ.எம். ஜீ.எம். என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியிலிருந்து அவர்கள் இலேசாகத் தப்பிவிடுவார்கள்.

பீ.ஜீ. 352, ஏ.ரி. 362 எல்லாம் ஜீ.எம். நெல்லாமே?
– வட்டைக்குப் போகும் ஒருவர், அக்கரைப்பற்று

இல்லை. பீ.ஜீ. என்றால் பத்தலகொட, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை, அந்த நெல் ஆராய்ச்சி நிலையங்களின் முதல் எழுத்துகள். ஒரு நெல்லின் பூவில் இன்னொன்றின் மகரந்தத்தைத் தூவி, வந்ததில் நல்லதைத் தெரிந்து, பல போகம் வளர்த்துப் பார்த்து வெளியிட்டவை. நெல் தன் மகரந்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் சாதி, அதனால்தான் பக்கத்து வயல்காரனிடம் விதைநெல் மாற்றி இரண்டு மூன்று போகம் தாராளமாகப் போடுகிறீர்கள். பழைய நாட்டு நெல்லான பச்சைப்பெருமாள்தான் நல்லது என்று நினைத்தால் அதையே செய்யுங்கள், அதற்காகப் பீ.ஜீ.யைப் பழிக்க வேண்டியதில்லை.

இலங்கையில் ஜீ.எம். உணவு முற்றாகத் தடை என்று ஒரு சக ஆசிரியர் சொல்கிறார், அப்படி ஒரு சட்டமே இல்லை என்கிறார் இன்னொருவர். பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?
– ஆசிரியை, காரைதீவு

இரண்டு பேரும் பாதி சரி ரீச்சர். முற்றாகத் தடை என்பவர் 2001ஐ ஞாபகம் வைத்திருக்கிறார். அந்த வருடம் மே முதலாம் திகதியிலிருந்து ஜீ.எம். உணவு நாட்டுக்குள் வரக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது, உலகத்திலேயே கடுமையான தடைகளில் ஒன்று அது. அமெரிக்கா எதிர்த்தது, வியாபார நாடுகளுக்கு அவகாசம் கொடுங்கள் என்று உலக வர்த்தக அமைப்புப் பக்கத்திலிருந்தும் சொன்னார்கள். செப்டம்பருக்குத் தள்ளிப்போட்டார்கள், பிறகு திகதியே இல்லாமல் தள்ளிப்போட்டார்கள், அதோடு அது முடிந்தது.

இப்போது இருப்பது வேறு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் 2006இல் ஒழுங்குவிதிகள் செய்து, 2007 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன்படி ஜீ.எம். உணவையோ, ஜீ.எம். பொருள் சேர்ந்த உணவையோ பிரதான உணவு அதிகாரியின், அதாவது சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் இறக்கவும் கூடாது, களஞ்சியப்படுத்தவும் கூடாது, விற்கவும் கூடாது. அனுமதி கிடைத்தாலும் லேபலில் மரபணு மாற்றப்பட்டது என்று எழுத வேண்டும். தற்செயலாகக் கலந்துவிட்டால் ஒவ்வொரு உள்ளடக்கப் பொருளிலும் 0.5 வீதம் வரை விட்டுக்கொடுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இது 0.9 வீதம், ஜப்பானில் 5 வீதம். ஆக, தாளில் பார்த்தால் நாங்கள் ஐரோப்பாவை விடக் கடுமையான ஆட்கள்!

தாளில் என்று சொன்னது வேண்டுமென்றுதான். ஒரு கொள்கலன் சோயா மாவு துறைமுகத்துக்கு வருகிறது என்று வையுங்கள். அது ஜீ.எம். இல்லை என்று ஏற்றுமதி செய்கிறவர் கொடுத்த கடிதத்தை நம்பி விடுகிறார்களா, அல்லது மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் மரபணுவைச் சோதிக்கிறார்களா, சோதித்தால் எத்தனைக்கு ஒன்று? கல்முனைச் சந்தையில் சாமான் வாங்குகிறவருக்கு அந்த விபரம் வந்து சேர்வதில்லை. இவ்வளவு காலத்தில் "மரபணு மாற்றப்பட்டது" என்று அச்சடித்த ஒரு பைக்கற்றை நம்மூர்க் கடையில் நான் கண்டதில்லை. ஒன்று, எதுவுமே உள்ளே வரவில்லை. அல்லது வந்ததை யாரும் பார்க்கவில்லை. எது என்று நமக்குத் தெரியக்கூடிய வழி இருக்க வேண்டும், இந்த விஷயத்தில் நான் சண்டை பிடிப்பது அதற்காக மட்டும்தான்.

உணவுக்கு இது. பயிருக்கும் விதைக்கும் கதை இன்னும் மெல்ல ஓடியது. உயிருள்ள ஜீ.எம். பொருட்கள் நாடு விட்டு நாடு போவது பற்றிய கார்ட்டஜீனா உடன்பாட்டில் இலங்கை 2000இல் கையெழுத்துப் போட்டு 2004இல் ஏற்றுறுதி செய்தது, 2005இல் தேசிய உயிரியல் பாதுகாப்புக் கொள்கை வந்தது. கொள்கைக்குப் பல்லுக் கட்ட வேண்டிய தனிச் சட்டம் வரைவாகவே வருடக்கணக்கில் இழுபட்டது. அமைச்சரவைகள் மாறின, வரைவு கோப்பில் இருந்தது. அதனால் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லுங்கள் ரீச்சர்: அனுமதியும் லேபலும் இல்லாமல் உணவாக விற்க முடியாது, வியாபாரப் பயிராக எதற்கும் அனுமதி இல்லை. சோதிக்கிறார்களா என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் அதற்கு முழுப் புள்ளி போடுங்கள்.

வீட்டில் பிள்ளைகளுக்கு சோயாமீற் என்றால் உயிர். அது ஜீ.எம். என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலிருந்து சமைக்கவே கை கூசுகிறது. இத்தனை நாள் சாப்பிட்டதால் ஏதும் வருமா?
– குடும்பத்தலைவி, கல்முனை

பயப்படாமல் சமையுங்கள் தங்கச்சி. உலகத்தில் விளைகிற சோயாவில் கிட்டத்தட்ட முக்கால்வாசி ஜீ.எம்., அமெரிக்கா, பிரேசில், ஆர்ஜன்ரீனா மூன்றிலும் அநேகமாக எல்லாமே அதுதான். இந்தியாவில் விளைகிற சோயா ஜீ.எம். இல்லை, அங்கே சோயாவுக்கு அந்த அனுமதி கொடுக்கவில்லை. அதனால் உங்கள் பைக்கற்றில் இருப்பது எது என்பது சோயா எங்கேயிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. சில கம்பனிகள் ஜீ.எம். அற்றது என்று பைக்கற்றில் போடுகின்றன, பார்த்து வாங்கலாம்.

உடம்புக்கு என்ன என்றால், சந்தையில் இருக்கிற, பாதுகாப்புப் பரிசோதனை முடிந்த ஜீ.எம். உணவுகளால் மனிதருக்கு ஆபத்து வர வாய்ப்பில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், மொத்தமாக நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது என்றும் அதே நிறுவனம்தான் சொல்கிறது. சோயாமீற்றில் நான் கவனிக்கச் சொல்வது அந்தச் சின்ன மசாலாப் பைக்கற்றில் இருக்கிற உப்பைத்தான்.

சோயா எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுத்திகரித்த எண்ணெயில் புரதமும் டி.என்.ஏ.யும் அநேகமாக மிஞ்சாது, அதனால் அது எந்தச் சோயாவில் பிழிந்தது என்று எண்ணெயைச் சோதித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். நமது ஒழுங்குவிதி ஜீ.எம். பொருளிலிருந்து எடுத்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறது, ஆனால் கண்டுபிடிக்க முடியாததைப் பிடிப்பது எப்படி? விதை வந்த இடத்திலிருந்து கடதாசி வழியாகத்தான் பின்தொடர வேண்டும். கோழித்தீவனம் இன்னொரு ஓட்டை. ஒழுங்குவிதி மனிதர் சாப்பிடும் உணவுக்கானது, கோழி எந்தச் சோளன் சாப்பிட்டது என்று முட்டையில் எழுத வேண்டியதில்லை. முட்டைக்குள் அந்த மரபணு வந்துவிடாது, அது வேறு கதை.

அஸ்ஸலாமு அலைக்கும் சேர். ஜீ.எம். உணவில் பன்றியின் மரபணு கலந்திருக்கலாம் என்று ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு பேச்சு வந்தது. உண்மையா?
– ஒரு வாசகர், சம்மாந்துறை

வஅலைக்கும் ஸலாம். இன்று உலகத்தில் பெருமளவில் பயிரிடுகிற ஜீ.எம். சோளன், சோயா, பருத்தி, கனோலா, பப்பாசி எதிலும் பன்றி மரபணு இல்லை, வேறு மிருகத்தினதும் இல்லை. அவற்றில் போட்டிருப்பது அநேகமாக மண்ணில் வாழும் பற்றீரியாவினது, பப்பாசியில் வைரசினது. இதோடு பதிலை முடித்திருக்கலாம், ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. பன்றிப் புரதத்தை விதைக்குள்ளேயே உண்டாக்குகிற ஒரு சோயாவை ஒரு கம்பனி உருவாக்கி, அதை வளர்ப்பதால் மற்றப் பயிர்களுக்குப் பீடை ஆபத்து இல்லை என்று 2024இல் அமெரிக்க விவசாயத் திணைக்களமும் சொல்லிவிட்டது. நீங்கள் கடையில் வாங்கும் சோயா அது இல்லை. ஆனால் இனி "அப்படி ஒன்று நடக்கவே நடக்காது" என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் லேபல் என்பது விஞ்ஞானிகளுக்கு மட்டுமான சங்கதி இல்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். முன்பு இன்சுலின் எடுத்தது பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து. 1982இல் மரபணு மாற்றிய பற்றீரியா உண்டாக்கும் மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இன்று நமது ஆஸ்பத்திரிகளில் நீரிழிவுக்காரருக்குப் போடுவதும் இந்த மாதிரி இன்சுலின்தான். சீஸ் உறைய வைக்க கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த நொதியத்தின் இடத்தையும் ஜீ.எம். நுண்ணுயிர்கள்தான் பிடித்துவிட்டன. ஜீ.எம். உங்களைப் பன்றியிலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறது. மார்க்கத் தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை, அதை உலமாக்களிடம் கேளுங்கள்.

கத்தரிக்குக் கிழமைக்குக் கிழமை மருந்தடித்து அலுத்துவிட்டது. பங்களாதேஷில் புழு துளைக்காத கத்தரி இருக்கிறது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். எங்களுக்கு ஏன் தரமாட்டார்கள்? கொழும்பில் இருந்துகொண்டு வேண்டாம் என்பவர்களுக்கு மருந்து நெடி தெரியுமா?
– தோட்டக்காரர், களுதாவளை

நெடி தெரியாதுதான். உங்கள் கேள்வி அலுப்பில் வந்தது, ஆனால் வந்ததிலேயே பெறுமதியான கேள்வி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மண்ணில் பீ.ரி. என்று ஒரு பற்றீரியா இருக்கிறது, அது உண்டாக்கும் ஒரு புரதம் சில புழுக்களின் குடலில் ஒட்டி அதைப் பொத்தலாக்கிவிடும். புழுவின் குடல் காரத்தன்மை, அங்கே அந்தப் புரதம் வேலை செய்யும். மனிதருக்கு வயிற்றில் அமிலம், ஒட்டுவதற்கான இடமும் நமது குடலில் இல்லை. அந்த மரபணுவைக் கத்தரியில் வைத்தால் தண்டும் காயும் துளைக்கிற புழு கடித்தவுடன் சாகும். இந்தியாவில்தான் முதலில் செய்தார்கள், ஆனால் 2010 பெப்ரவரியில் அப்போதைய சுற்றாடல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பல நகரங்களில் கூட்டம் வைத்து, விவசாயிகள், விஞ்ஞானிகள் எல்லோரையும் கேட்டு, அதை நிறுத்தி வைத்தார். பங்களாதேஷ் அதே மரபணுவைத் தன் நாட்டுக் கத்தரிகளில் சேர்த்து 2013இல் அனுமதி கொடுத்தது, 2014இல் 20 விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்துத் தொடங்கியது. அந்தப் புழுவுக்கு அடிக்கிற மருந்து அங்கே நன்றாகக் குறைந்தது. இன்னொன்று, அது கலப்பினம் இல்லை, விதை எடுத்து வைக்கலாம்.

அப்புறம் என்ன தடை என்பீர்கள். முதலாவது, வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் அது ஒன்றும் செய்யாது, அதுகளுக்கு மருந்து அடித்தே ஆக வேண்டும். இரண்டாவது, புழு பழகிவிடும். இந்தியாவில் பீ.ரி. பருத்தி 2002இல் வந்தது, தொடக்கத்தில் நன்றாக வேலை செய்தது, போகப் போக இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகி மறுபடியும் காயைத் துளைக்கத் தொடங்கியது. இதைத் தள்ளிப்போட ஜீ.எம். பயிருக்குப் பக்கத்தில் சாதாரணப் பயிரையும் கொஞ்சம் புழுவுக்கென்று விட வேண்டும். அரை ஏக்கர் தோட்டக்காரர் யார் புழுவுக்குப் பங்கு விடப் போகிறார், நீங்களே சொல்லுங்கள். மூன்றாவது, கத்தரிக்கு இந்தப் பக்கத்தில் காட்டு உறவுகள் அதிகம், மகரந்தம் எதுவரை போகிறது என்று நமது மண்ணிலேயே பார்க்க வேண்டும்.

என் கருத்து: அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்றும் சொல்லக்கூடாது, ஒரு கம்பனி கேட்டது என்று திறந்தும் விடக்கூடாது. சட்டத்தை முடித்து, அடைத்த பரீட்சைத் தோட்டத்தில் போட்டு, முடிவை எல்லோரும் பார்க்க வெளியிட்டு, களுதாவளைத் தோட்டக்காரரையும் உட்கார வைத்துக் கேட்டு, பிறகு முடிவெடுக்கட்டும். 2021இல் இரசாயன உரத்தை ஒரே வர்த்தமானியில் தடைசெய்து, வயல் மஞ்சளாகிப் போனபின் அந்த வருடம் நவம்பரிலேயே கைவிட்டார்களே, அப்போது யாரும் நம்மைக் கேட்கவில்லை. களைநாசினி கிளைபோசேற்றையும் 2015இல் தடைசெய்து 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்தார்கள். நெல்லுக்காரன் பார்த்துக்கொண்டு நின்றான். ஜீ.எம். விஷயத்திலும் இதே பழக்கம் வந்துவிடுமோ என்பதுதான் என் பயம், மரபணு அல்ல.

ரெட் லேடி பப்பாசி, விதையில்லாத வத்தகப்பழம்?
– ஒரு வியாபாரி, ஏறாவூர்

இரண்டும் ஜீ.எம். இல்லை. ரெட் லேடி தாய்வானில் உருவாக்கிய கலப்பினம். ஜீ.எம். பப்பாசி ஹவாயில் 1998இலிருந்து இருக்கிறது, வளையப்புள்ளி வைரசைத் தாங்குவது, அதன் பெயர் ரெயின்போ. விதையில்லாத வத்தகை, மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையை மாற்றிக் கலப்பது, கோவேறு கழுதைக்குக் குட்டி பிறக்காத மாதிரி. பயப்படாமல் விற்கலாம்.

மரபணுத் திருத்தம் ஜீ.எம். ஆகுமா? எங்கள் சட்டம் அதை எப்படிப் பார்க்கும்?
– மாணவி, வந்தாறுமூலை

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் மகள். இதில் பெரும்பாலும் வெளி மரபணு எதுவும் சேர்ப்பதில்லை, இருக்கிற மரபணுவின் எழுத்தில் ஒன்றிரண்டை மாற்றுவதுதான். 2018இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதுவும் ஜீ.எம்.தான் என்றது. இந்தியா 2022இல் வெளி மரபணு இல்லாதவற்றுக்கு விலக்குக் கொடுத்து, 2025 மே மாதம் இரண்டு திருத்திய நெல்லினங்களை அறிவித்தது. அதில் ஒன்று உவர், வரட்சி இரண்டையும் தாங்கும் என்கிறார்கள். வாவியோர வயல்களில் உப்பேறித் தவிக்கிற நமக்கு இது காதில் விழ வேண்டிய செய்தி. (உவருக்கு நம்மிடம் ஏ.ரி. 354 இருக்கிறது, சாதாரணக் கலப்பில் வந்தது.) நமது உணவு ஒழுங்குவிதி 2006இல் எழுதியது, மரபணுவைத் திருத்தும் கிறிஸ்பர் என்ற இந்தக் கத்தரிக்கோல் பற்றிய முதல் கட்டுரைகள் வந்ததே 2012இல். ஆகவே அதை மனதில் வைத்து எழுதியிருக்க முடியாது. சட்டமூலத்தைத் திரும்ப எடுக்கும்போது இதையும் தெளிவாக எழுத வேண்டும். உங்கள் பீடத்திலிருந்தே ஒரு கருத்துக் கடிதம் போகலாமே.

லேபலில் சந்தேகம் வந்தால் யாரிடம் போவது?
– சமூக சேவையாளர், வாழைச்சேனை

உங்கள் பிரதேசத்து பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில். உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. பைக்கற்றை எறியாமல் தொகுதி இலக்கத்தோடு கொண்டு போங்கள், பில்லும் இருந்தால் நல்லது.

இன்னொரு வழி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சுகாதார அமைச்சின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோம் அல்லது மறுக்கிறோம் என்று அவர் சொல்லியாக வேண்டும். இந்த மூன்றை மட்டும் கேளுங்கள்: 2007இலிருந்து ஜீ.எம். உணவுக்கு எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனைக்கு அனுமதி கொடுத்தீர்கள், கடந்த வருடம் எத்தனை மாதிரியைச் சோதித்தீர்கள். பதில் வந்தால் ஒரு பிரதி எங்களுக்கும் அனுப்புங்கள், அப்படியே போடுகிறோம். மறுத்தாலும் அனுப்புங்கள், அதையும் போடுகிறோம்.